நல்ல கல்லீரல் என்னதான் செய்கிறது? வலியே இல்லாதபோது டாக்டர் ஏன் கவலைப்படுகிறார்?

கேட்கப்பட்ட விஷயம் இதுதான். வயது 38, குடிப்பழக்கம் இல்லை. முழு உடல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 68, ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. பிலிரூபினும் அல்புமினும் சரியாக இருக்கின்றன. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார். கல்லீரல் உண்மையில் என்ன வேலை செய்கிறது, எதற்கு இவ்வளவு முக்கியத்துவம்?

நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் சொல்லிக்கொடுப்பவன். கல்லீரல் நோயின் அறிகுறிகளை மனப்பாடம் செய்கிற மாணவருக்கு அது ஒரு நீளமான பட்டியல்: வயிற்றில் நீர், கால் வீக்கம், ஈறில் ரத்தம், பகல் தூக்கம், ஆண்களுக்கு மார்பு பெருப்பது, மலம் வெளுப்பது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோலத் தெரியும். ஈரலின் வேலைகளை முதலில் தெரிந்துகொண்டவருக்கு மனப்பாடமே தேவையில்லை. ஒவ்வொரு அறிகுறியும் நின்றுபோன ஒரு வேலை, அவ்வளவுதான். அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அது இருக்கும் இடம். வலது விலா எலும்புகளுக்கு அடியில், உதரவிதானத்தை ஒட்டி, ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ எடை. உடலின் பெரும்பாலான உறுப்புகளுக்குத் தமனி வழியாக ரத்தம் வரும், சிரை வழியாகப் போகும். கல்லீரலுக்கோ இரண்டு வழிகளில் வருகிறது. நிமிடத்துக்கு வரும் சுமார் ஒன்றரை லிட்டரில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருவது. இது குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வரும் ரத்தம். மீதிக் கால் பங்கு, தமனி வழியாக வரும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். குடலில் உறிஞ்சப்பட்ட சர்க்கரை, அமினோ அமிலம், மாத்திரை, சாராயம், பாக்டீரியாக்களின் கழிவு எதுவானாலும் இதயத்துக்குப் போகும் முன் கல்லீரலைத் தாண்டியாக வேண்டும். கொழுப்பு மட்டும் பெரும்பாலும் நிணநீர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். கல்லீரலின் பெருமை, சிக்கல் இரண்டுமே இந்த இட அமைப்பிலிருந்து வருபவை. குடல் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் கல்லீரலுக்குப் போவதும் இதே பாதையால்தான்.

உள்ளே வந்த இரண்டு ரத்தமும் கலந்து, சைனுசாய்டு எனப்படும் நுண்ணிய குழாய்களில் மெதுவாக ஓடுகிறது. உடலின் பெரும்பாலான நுண்குழாய்களின் சுவர் இறுக்கமானது. இவற்றின் சுவரோ நிறையத் துளைகளோடு இருக்கும். அந்தத் துளைகள் வழியாகப் பிளாஸ்மா வெளியே வந்து கல்லீரல் செல்களை நேரடியாக நனைக்கிறது. அல்புமின்போன்ற பெரிய புரதங்கள்கூடத் தாராளமாக உள்ளே வெளியே போய்வரும். சுவரை ஒட்டி குஃப்ஃபர் செல்கள் உட்கார்ந்து, குடலிலிருந்து நழுவி வரும் பாக்டீரியாக்களை விழுங்குகின்றன. சுவருக்கும் கல்லீரல் செல்லுக்கும் இடையிலுள்ள சந்தில் ஸ்டெல்லேட் செல் என்று இன்னொரு வகை. நல்ல நாளில் அது வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சும்மா இருக்கும். இந்தச் செல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கதையின் வில்லன் இதுதான்.

இப்போது வேலைகள். முதலில் சர்க்கரை.

சாப்பிட்டவுடன் இன்சுலின் உயர்கிறது, கல்லீரல் குளுக்கோஸை வாங்கி கிளைகோஜனாக அடுக்கி வைக்கிறது. சுமார் 100 கிராம் அளவுக்கு வைக்க முடியும். தசைகளில் இதைவிட நிறைய கிளைகோஜன் உண்டு, ஆனால் தசை அதை வெளியே விடாது, அதற்கான நொதி தசையில் இல்லை. ஊருக்கெல்லாம் கொடுப்பது கல்லீரல்தான். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை 7 மணிக்கு எழுந்திருக்கும்போது உங்கள் மூளை வேலை செய்கிறது என்றால், இரவெல்லாம் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டிருந்தது என்று அர்த்தம். மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கையிருப்பு ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் அமினோ அமிலம், லாக்டேட், கிளிசரால் ஆகியவற்றிலிருந்து கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. இன்னும் பட்டினி நீண்டால் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைத் தயாரித்து மூளைக்கு அனுப்புகிறது.

இந்த ஒரு பத்தி தெரிந்தால் மருத்துவமனையில் இரண்டு விஷயங்கள் விளங்கும். ஒன்று, வெறும் வயிற்றில் நிறையக் குடித்துவிட்டு மயங்கிக் கிடப்பவர். சாராயத்தைச் சிதைக்கும் வேதிவினை, புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் பாதையை முடக்கிவிடுகிறது. கையிருப்பும் இல்லை, தயாரிப்பும் இல்லை, ரத்தச் சர்க்கரை பாதாளத்துக்குப் போகிறது. சுற்றியிருப்பவர்கள் 'போதை, தூங்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். அவசரப் பிரிவில் போதையில் வரும் யாருக்கும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது இதனால்தான். இன்னொன்று, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய். அவர்களிடம் கிளைகோஜன் சேமிப்பு மிகக் குறைவு. ஓர் இரவுப் பட்டினி, நல்ல கல்லீரல் உள்ளவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். விடிவதற்குள் உடல் தசையைக் கரைக்கத் தொடங்கிவிடும். எனவே படுக்கப் போகும் முன் ஒரு சிற்றுண்டி சாப்பிடச் சொல்வது இன்று சிரோசிஸ் சிகிச்சையின் ஒரு பகுதி. 'ஈரல் கெட்டுவிட்டது, பத்தியக் கஞ்சி மட்டும்' என்று வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்குப் புரதமும் கலோரியும் கூடவே வேண்டும்.

அடுத்தது புரதத் தயாரிப்பு. ரத்தத்தில் மிதக்கும் புரதங்களில் நோய் எதிர்ப்புப் புரதங்களை (ஆன்டிபாடி) தவிர ஏறக்குறைய எல்லாமே கல்லீரலில் பிறப்பவை. இரண்டை மட்டும் பார்ப்போம், ஏனென்றால் அவற்றைத்தான் ஆய்வகத்தில் அளக்கிறார்கள்.

அல்புமின் தினமும் 10 முதல் 15 கிராம் வரை உற்பத்தியாகிறது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அதன் முக்கிய வேலை. அது குறைந்தால் நீர் கசிந்து கால் வீங்கும், வயிறு நிரம்பும். அதன் அரை ஆயுள், அதாவது இருப்பு பாதியாகக் குறையும் காலம், சுமார் 20 நாள். ஆகவே இன்றே கல்லீரல் உற்பத்தியை நிறுத்தினாலும் ரிப்போர்ட்டில் அல்புமின் குறைய வாரங்கள் ஆகும். ரத்தம் உறையவைக்கும் காரணிகள் நேர்மாறு. அவற்றில் ஏழாம் காரணியின் அரை ஆயுள் சில மணி நேரம்தான். உற்பத்தி தடைப்பட்டால் ஓரிரு நாளிலேயே ரத்தம் உறையத் தாமதமாகும், ஐஎன்ஆர் என்ற எண் ஏறும். ஆக, அல்புமின் சரியாக இருந்து ஐஎன்ஆர் மட்டும் கிடுகிடுவென ஏறுகிறது என்றால் இப்போதுதான் தீவிரமாக ஏதோ நடக்கிறது. அல்புமின் 2.4-க்கு இறங்கியிருக்கிறது என்றால், உடலில் அழற்சிக்கும் சிறுநீரக இழப்புக்கும் இடமில்லாதபோது, கல்லீரல் பல காலமாகக் கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஒரே உறுப்பு, இரண்டு கடிகாரங்கள். எனக்குப் பிடித்த பாடம் இது.

இங்கேயே உங்கள் ரிப்போர்ட்டுக்கு வந்துவிடலாம். 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்ற பெயரே பாதிப் பொய். அதில் கல்லீரலின் வேலையைக் காட்டுவது அல்புமினும், ஓரளவுக்கு பிலிரூபினும். ஐஎன்ஆர் பல ஆய்வகங்களின் பொட்டலத்தில் இருப்பதே இல்லை, தனியாகக் கேட்க வேண்டும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அவை சொல்வது சேதத்தை, திறனை அவற்றிலிருந்து படிக்க முடியாது. எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலுக்குரியது. எஸ்ஜிஓடி தசையிலும் இதயத்திலும் நிறைய உண்டு. 1950-களில் அதை முதலில் பயன்படுத்தியதே மாரடைப்பைக் கண்டுபிடிக்கத்தான். ஜிம்மில் பளு தூக்கிவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால் இரண்டுமே ஏறியிருக்கலாம், கல்லீரல் பாவம், ஒன்றும் செய்திருக்காது. டெங்கு வந்தால் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைவிட அதிகமாக ஏறுவது வழக்கம். குடியால் வரும் ஈரல் அழற்சியிலும் எஸ்ஜிஓடிதான் மேலே, பெரும்பாலும் எஸ்ஜிபிடியைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

சேதமும் திறனும் வேறுவேறு என்பதற்கு இரண்டு உதாரணம். சாதாரண ஹெபடைடிஸ் ஏ வந்த ஒரு கல்லூரி மாணவருக்கு எஸ்ஜிபிடி 2000 இருக்கும். ஐஎன்ஆர் சரியாக இருந்தால் வீட்டிலேயே இருந்து குணமாகிவிடுவார். முற்றிய சிரோசிஸ் உள்ள இன்னொருவருக்கு எஸ்ஜிபிடி 35, ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே அச்சாகியிருக்கும். கசிவதற்குப் போதுமான செல்களே மிச்சமில்லை. தீவிரக் கல்லீரல் செயலிழப்பில் இன்னும் மோசம். எஸ்ஜிபிடி 6000-லிருந்து 800-க்கு இறங்குகிறது, உறவினர்கள் நிம்மதியடைகிறார்கள். அதே சமயம் பிலிரூபினும் ஐஎன்ஆரும் ஏறிக்கொண்டிருந்தால் அது கெட்ட செய்தி. மாற்று அறுவை சிகிச்சைக்கான வரிசையைத் தீர்மானிக்கும் மெல்ட் மதிப்பெண்ணில் எஸ்ஜிபிடிக்கு இடமே கிடையாது. பிலிரூபின், ஐஎன்ஆர், கிரியாட்டினின், சோடியம் ஆகியவற்றைத்தான் அது முக்கியமாகக் கணக்கில் எடுக்கிறது.

உங்கள் 68 பற்றிச் சொல்வதானால்: திறன் முழுதாக இருக்கிறது, ஆனால் எங்கோ ஒரு மெல்லிய எரிச்சல் நடந்துகொண்டிருக்கிறது. அந்த எரிச்சல் வருடக்கணக்கில் நீடிக்கிறதா என்பதுதான் டாக்டரின் கவலை. ஏன் என்று கீழே வருகிறேன்.

அதற்கு முன் பித்தம். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், சிலருக்கு ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சேர்த்து வைத்துக் கெட்டியாக்கும் பைதான், அதில் ஒன்றும் உற்பத்தியாவதில்லை. பித்தப்பையை எடுத்துவிட்டால் ஜீரணம் போய்விடும் என்ற பயம் தேவையற்றது. பித்த உப்புகள், எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தில் சோப்பு செய்கிற வேலையைக் குடலில் செய்கின்றன, கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்து உறிஞ்ச வைக்கின்றன. அந்த உப்புகளில் 95 சதவீதம் குடலின் கடைசிப் பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டு, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்கே திரும்பி வந்து மறுபடி வேலைக்குப் போகின்றன.

பித்தத்தோடு வெளியேறும் கழிவு பிலிரூபின். சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். வயதானவற்றை மண்ணீரல் உடைக்க, அதிலிருந்து மஞ்சள் நிறப் பிலிரூபின் வருகிறது, தினமும் 250 முதல் 300 மில்லிகிராம். இது நீரில் கரையாது, அல்புமினைப் பிடித்துக்கொண்டு கல்லீரலுக்கு வரும். கல்லீரல் அதோடு குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டி, நீரில் கரைவதாக மாற்றிப் பித்தத்தில் அனுப்பிவிடும். ரிப்போர்ட்டில் 'இன்டைரக்ட்' என்பது ஒட்டும் முன், 'டைரக்ட்' என்பது ஒட்டிய பின். மஞ்சள் காமாலையின் மூன்று வகைகளும் இதில் அடங்கிவிடும்: சிவப்பணு அளவுக்கு மீறி உடைந்தால் முதலாவது ஏறும், ஈரல் செல்லே கெட்டால் இரண்டும் ஏறும், பித்தக்குழாய் அடைத்தால் இரண்டாவது ஏறும்.

குழாய் அடைப்பைப் படுக்கையருகிலேயே கண்டுபிடிக்கலாம். டைரக்ட் பிலிரூபின் நீரில் கரைவதால் சிறுநீரில் இறங்கி அது கருந்தேநீர் நிறமாகும். குடலுக்குப் பித்தம் போகாததால் மலம் களிமண்போல் வெளுக்கும். உடலெங்கும் அரிப்பு. கொழுப்பு உறிஞ்சப்படாததால் கொழுப்பில் கரையும் வைட்டமின் கே-யும் உள்ளே வராது, அது இல்லாமல் உறைதல் காரணிகள் வேலை செய்யாது, ஐஎன்ஆர் ஏறும். இங்கே டாக்டர்கள் செய்யும் ஒரு அழகான சோதனை உண்டு. வைட்டமின் கே ஊசி போட்டுவிட்டு மறுநாள் பார்ப்பார்கள். ஐஎன்ஆர் சரியாகிவிட்டால் பெரும்பாலும் வைட்டமின் கே வராததுதான் பிரச்சினை. அசையாமல் அப்படியே இருந்தால் ஈரல் செல்லுக்கே திராணி இல்லை.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் ஏறுவதும் இந்த ஒட்டும் நொதியின் கதைதான். அது முதல் சில நாட்களில் இன்னும் முதிர்ந்திருக்காது. 1950-களில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பது ஜீன் வார்டு என்ற செவிலியரின் பழக்கம். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்து, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை அவர் டாக்டர்களிடம் காட்டினார். அதிலிருந்து வந்த ஆய்வு 1958-ல் வெளியானது, இன்றைய நீல ஒளி சிகிச்சை அதன் வழித்தோன்றல். ஒளி பிலிரூபினின் வடிவத்தை மாற்றிவிடுவதால் கல்லீரல் ஒட்டாமலே அது வெளியேறிவிடும். நம் பாட்டிமார் காலை வெயிலில் குழந்தையைக் காட்டச் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மஞ்சள் வயிறு தாண்டிக் கால் வரை இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சுணங்கினாலோ வெயிலை நம்பி உட்காரக் கூடாது. ஏறிய பிலிரூபின் மூளையில் படியும்.

பெரியவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கு அந்த நொதி பிறவியிலேயே மந்தமாக இருக்கும், கில்பர்ட் நிலை என்பார்கள். விரதம் இருந்தால், காய்ச்சல் வந்தால் கண் லேசாக மஞ்சளாகும். மற்றபடி அது நோயே கிடையாது, மருந்தும் வேண்டாம்.

காமாலை என்றதும் கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க் அந்த ஆய்வுக்குழுவில் ஒருவர். ஆனால் பின்னர் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அப்படியானால் ஊரில் ஆயிரம் பேர் குணமானது எப்படி? நம்மூர்க் காமாலையில் பெரும்பகுதி அழுக்குத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள். கீழாநெல்லி சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலோருக்கு சில வாரங்களில் தானே சரியாகும். ஆபத்து எங்கே என்றால், காமாலைக்குக் காரணம் பித்தக்குழாய்க் கல்லாகவோ கணையப் புற்றுநோயாகவோ இருக்கும்போது நாட்டு மருந்தில் இரண்டு மாதம் போய்விடுவது. கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அமோனியாவைப் பற்றிச் சுருக்கமாக. புரதம் சிதையும்போதும் குடல் பாக்டீரியாக்களாலும் அமோனியா உண்டாகிறது, அது மூளைக்கு விஷம். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. இந்த வேதிச் சுழற்சியை 1932-ல் கண்டுபிடித்தவர்கள் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும். பாடப்புத்தகப் புகழ்பெற்ற கிரெப்ஸ் சுழற்சி அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் வந்தது. ஈரல் தோற்றால் முதலில் இரவில் தூக்கம் வராது, பகலில் தூங்குவார், கையெழுத்து கோணும், கைகளை நீட்டினால் படபடவென்று அசையும், பிறகு குழப்பம், கோமா. இதைத் தூண்டும் சாதாரணக் காரணங்களில் ஒன்று மலச்சிக்கல். எனவே லாக்டுலோஸ் பானத்தை வெறும் பேதி மருந்து என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். குடலில் அமோனியாவைச் சிறைப்பிடித்து வெளியேற்றுவது அது. தினம் இரண்டு மூன்று முறை இளகிப் போக வேண்டும் என்பதுதான் குறி.

மருந்துகளுக்கு வருவோம். வாய்வழி போகும் மாத்திரை, ரத்தத்தில் பரவும் முன் கல்லீரலில் ஒரு வெட்டு வாங்குகிறது. நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட்டை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கிருந்து போகும் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் நேராக இதயத்துக்குப் போகும். பெரும்பாலான மருந்துகளைக் கல்லீரல் இரண்டு கட்டமாகக் கையாளும், முதலில் வேதிமாற்றம், பிறகு கரையும்படி ஒரு கூட்டுச் சேர்த்தல். சிக்கல் என்னவென்றால் முதல் கட்டத்தில் சில சமயம் மூலமருந்தைவிட விஷமான ஒன்று பிறக்கும்.

பாரசிட்டமால் இதற்குச் சரியான உதாரணம். சரியான அளவில் அது மிகப் பாதுகாப்பான மருந்து. அதன் சிறு பகுதி மட்டும் ஒரு நச்சுப்பொருளாக மாறும், செல்லிலுள்ள குளுட்டத்தையோன் அதை உடனே அணைத்துவிடும். அளவு மீறினால் குளுட்டத்தையோன் தீர்ந்து, நச்சு செல்லையே தாக்கத் தொடங்கும். முதல் நாள் வெறும் குமட்டலோடு நன்றாகத்தான் இருப்பார், இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரல் சரியும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து குளுட்டத்தையோனை மீண்டும் நிரப்பும். முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். ஆரோக்கியமான பெரியவருக்கு உச்சவரம்பு ஒரு நாளைக்கு 4 கிராம். தினமும் குடிப்பவர்களுக்கும் சாப்பிடாமல் மெலிந்தவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை எல்லாவற்றிலும் பாரசிட்டமால் ஒளிந்திருப்பதால் தெரியாமலே கூடிவிடும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு இன்னும் பழக்கமான கொடுமை மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். அதிலும் இதே ஏமாற்று: முதல் ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். தெரியாமலோ தெரிந்தோ உடம்புக்குள் போயிருந்தால் 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று ஒரு நிமிடமும் பார்க்காதீர்கள், உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காசநோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு வாந்தி, பசியின்மை, கண் மஞ்சள் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டியதும் இந்த வகையில் சேரும். 'மூலிகைதானே' என்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் கிடையாது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, இத்தனை வேலை செய்யும் உறுப்பு ஏன் வலிப்பதில்லை? கல்லீரலின் உள்ளே வலி நரம்பு இல்லை. அதைச் சுற்றியுள்ள உறையில்தான் உண்டு. வேகமாக வீங்கி உறை இழுபட்டால்தான் வலிக்கும், மெதுவாகக் கெட்டால் தெரியவே தெரியாது. கூடவே அதற்குத் தேவைக்கு மீறிய இருப்பும் வளரும் சக்தியும் இருக்கின்றன. ஆரோக்கியமான கொடையாளியிடமிருந்து வலது பாகம், கிட்டத்தட்ட 60 சதவீதம் வரை எடுத்து இன்னொருவருக்கு வைக்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் இருவருக்கும் அது பெரும்பாலும் பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. வெட்டிய பாகம் முளைப்பதில்லை, மிச்சமிருப்பது பெருக்கிறது. தாமஸ் ஸ்டார்சல் 1963-ல் டென்வரில் முதல் கல்லீரல் மாற்றத்தைச் செய்தபோது நோயாளி பிழைக்கவில்லை. 1967-ல்தான் அவருக்கு நீடித்த வெற்றி கிடைத்தது. உயிரோடிருப்பவர் ஈரலில் ஒரு பாகத்தைக் கொடுப்பது அதற்கும் இருபது வருடம் கழித்து வந்தது.

இவ்வளவு வளரும் உறுப்பு எப்படித் தோற்கிறது? அந்த ஸ்டெல்லேட் செல்லால். கொழுப்போ சாராயமோ வைரஸோ, எரிச்சல் நீடித்தால் அது வைட்டமின் ஏ-யைக் கைவிட்டு, கொல்லாஜன் என்ற வடு நாரை நெய்யத் தொடங்கும். சைனுசாய்டின் துளைகள் மூடிக்கொள்ளும். ரத்தம் செல்லை நனைக்காது. செல்கள் வளரத்தான் செய்யும், ஆனால் வடுவுக்கு நடுவே முடிச்சு முடிச்சாக. போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையே அழுத்த வேறுபாடு சாதாரணமாகப் பாதரச அளவில் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அது 10-ஐத் தாண்டினால் ரத்தம் வேறு வழி தேடும். உணவுக்குழாயின் அடியில் சிரைகள் புடைத்து, ஒரு நாள் வெடித்து ரத்த வாந்தி. மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதனால் காரணம் தெரியாமல் தட்டணு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருப்பவருக்குக் கல்லீரலையும் பார்ப்பது நல்ல பழக்கம். பெண் ஹார்மோன் சரியாக அப்புறப்படுத்தப்படாததால் ஆண்களுக்கு மார்பு பெருக்கும், உள்ளங்கை சிவக்கும்.

உங்கள் டாக்டர் தடுக்கப் பார்ப்பது இந்தப் பயணத்தை. கொழுப்பு படிந்த எல்லோருக்கும் வடு வராது, பெரும்பாலானவர்களுக்கு வராது. யாருக்கு வரும் என்று பார்க்கத்தான் வழி வேண்டும். ஸ்கேனில் எழுதும் கிரேடு கொழுப்பின் அளவை மட்டும் சொல்லும், வடுவைச் சொல்லாது. வடுவை ஊகிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கி, தட்டணு எண்ணிக்கையையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிவரும் எண்ணால் வகுப்பது. தட்டணுவை ஆயிரங்களில் எடுக்க வேண்டும், இரண்டரை லட்சம் என்றால் 250. உங்கள் எஸ்ஜிஓடி 45, தட்டணு இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் விடை சுமார் 0.8 வரும். 1.3-க்குக் கீழே என்றால் கணிசமான வடு இருக்க வாய்ப்பு குறைவு. மேலே என்றால், ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

குடிக்காதவருக்கு எப்படிக் கொழுப்பு என்றால், பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பு. வயிற்றுக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலம் கல்லீரலுக்கு வந்து குவிகிறது, மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றுகிறது. தெற்காசியர்கள் ஒல்லியாக இருந்தும் தொப்பை மட்டும் போட்டு இதில் மாட்டுவது சகஜம். 'நான் குண்டே இல்லையே' என்பது சமாதானம் ஆகாது, இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கொழுப்போடு அழற்சியும் அடங்கும், அதற்கு மேல் குறைந்தவர்களுக்கு ஆரம்ப வடுகூடப் பின்வாங்குகிறது. எடை குறையாவிட்டாலும் வேகநடை ஈரல் கொழுப்பைக் குறைக்கும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஈரலுக்குப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், கொழுப்பு ஈரல் உள்ளவரைக் கொல்ல அதிகம் வாய்ப்புள்ளது மாரடைப்புதான். காபி குடிப்பவர்களுக்கு ஈரல் வடு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. சர்க்கரை போடாத காபி என்று சொன்னால் டிகிரி காபிப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், என்ன செய்வது.

ஒரு விஷயத்தை மட்டும் இந்தத் தடவை ரத்தம் கொடுக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்: ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனை. ஸ்கேனில் கொழுப்பு தெரிந்துவிட்டதால் எஸ்ஜிபிடி ஏற்றத்துக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டு, பின்னால் ஒளிந்திருக்கும் வைரஸைத் தவறவிடுவது நடக்கிற விஷயம். சி இருந்தால் இன்று பெரும்பாலும் 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிவிடும். பி இருந்தால் கட்டுக்குள் வைக்க மாத்திரை உண்டு, வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதிக்க வேண்டும். பி இல்லை, தடுப்பூசியும் போட்டதில்லை என்றால் மூன்று தவணை ஊசியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.